ஐந்து பட்டியலில் ஒரு பிள்ளை

2004 டிசம்பர் சுனாமியில் கடல் வந்து பதினைந்து நாள் கழிந்திருந்தது. இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பில், நலன்புரி நிலையமாக (இடம்பெயர்ந்தோர் முகாமாக) மாறியிருந்த ஒரு பாடசாலையில் அந்த அம்மம்மாவைச் சந்தித்தேன். மேசைகளை அடுக்கி, சேலைகளால் மறைப்புக் கட்டி, ஒரே வகுப்பறைக்குள் ஆறு குடும்பங்கள் இருந்தன. அவருடைய மகளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளும் கரையோர ஊரான நாவலடியில் கடலோடு போய்விட்டார்கள். மிஞ்சியது ஒன்பது வயதுப் பேத்தி. நான் படிவத்தை எடுத்துப் பெயர் கேட்டதும், அவர் மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து, அதற்குள்ளிருந்த துண்டுகளைப் பாயில் பரப்பினார். ஐந்து துண்டுகள், ஐந்து நிறுவனங்கள். ஐந்திலும் அந்தப் பிள்ளையின் பெயர் இருந்தது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருந்தது.

“என்னத்துக்குப் புள்ள இத்தின பேர் எழுதுறீங்க? இவளக் கொண்டு போகப் போறீங்களா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஐந்து பட்டியலும் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியாது. மாவட்டத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் எழுத வந்தது ஆறாவது.

அதுவரை நான் ஓர் உள்ளூர் அமைப்பில், யுத்தத்தால் பாடசாலையை விட்டு இடைவிலகிய பிள்ளைகளோடு வேலை செய்துகொண்டிருந்தேன். சுனாமிக்குப் பிறகு, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வாரம் ஒருமுறை நடக்கும் சிறுவர் பாதுகாப்புக் கூட்டத்தைக் கூட்டிக் குறிப்பெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்பதை அந்த அம்மம்மாவின் பொலித்தீன் பைதான் எனக்குக் காட்டியது. இன்று இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு கோப்பு, அந்தக் கோப்புக்குப் பொறுப்பாக ஒரே ஆள். மற்ற வேலையெல்லாம் இதைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்த பேரழிவு அது. அம்பாறை மாவட்டத்தில்தான் இழப்பு மிக அதிகம். மட்டக்களப்பும் கடுமையாக அடிபட்டது. உதவ வந்தவர்களின் மனதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் எல்லோரும் தேடியது ‘அனாதைப் பிள்ளை’யை. அந்தச் சொல் செய்த கேடு கொஞ்சமல்ல. தாயையும் தகப்பனையும் இழந்தாலும், கிழக்கில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மம்மாவோ பெரியம்மாவோ மாமாவோ இருந்தார்கள். பட்டியலில் அனாதை என்று எழுதிய பிள்ளைகளில் சிலருக்குத் தாய் உயிரோடு இருந்தார், மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக. பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் அவர் அங்கே தவித்துக்கொண்டிருக்க, இங்கே அந்தப் பிள்ளையைப் பொறுப்பேற்க ஆள் தேடிக்கொண்டிருந்தோம்.

ஆகவே படிவத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்தோம். பெற்றோரைப் பிரிந்து உறவினரோடு இருக்கும் பிள்ளை ஒரு வகை. பொறுப்பான பெரியவர் எவருமே இல்லாமல் தனித்திருக்கும் பிள்ளை இன்னொரு வகை. 2004இல் சர்வதேச அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளில் இந்தப் பிரிப்பு தெளிவாகவே இருந்தது, எங்கள் கைக்கு வரத்தான் சில வாரங்கள் பிடித்தன. முதல் வகைப் பிள்ளைக்குத் தேவை அந்த அம்மம்மாவுக்கான அரிசி, மருந்து, ஒரு வீடு. இரண்டாம் வகைப் பிள்ளைக்குத்தான் அன்றைக்கே, அந்த மணித்தியாலத்திலேயே ஆள் தேவை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் கவனம் முழுக்க எண்ணிக்கை கூடிய முதல் வகைக்குப் போய்விடும். உண்மையில் தனித்து நின்ற மிகச் சில பிள்ளைகள் அந்தக் கூட்டத்துக்குள் மறைந்துபோவார்கள்.

கிழக்கின் குடும்ப வழக்கம் தெரியாமல் இங்கே எந்தத் தேடலும் சரிவராது. தமிழரிலும் முஸ்லிம்களிலும் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்கு வருவான். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். அக்கா தங்கச்சிமார் ஒரே வளவில், அடுத்தடுத்த வீடுகளில் இருப்பார்கள். ஒரு தாய் செத்தால் பிள்ளையைத் தூக்க அடுத்த வேலிக்குள் பெரியம்மா இருப்பார் என்பதே வழமையான நிலை. ஆனால் கடல் வந்தபோது அந்த வளவே ஒன்றாகப் போனது. தாயும், பெரியம்மாவும், சின்னம்மாவும், அம்மம்மாவும் ஒரே காலையில். பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்திருந்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பன் வழி உறவைத் தேடி வேறு ஊர்களுக்குப் போகவேண்டியிருந்தது. படிவத்தில் ‘நெருங்கிய உறவினர்’ என்று ஒரே ஒரு கோடு இருந்தது. அதைத் தாய் வழி, தகப்பன் வழி என்று இரண்டாக்கி, ஊர்ப் பெயருக்கும் இடம் விட்டோம். சின்ன மாற்றம்தான், ஆனால் அந்த இரண்டாவது கோட்டிலிருந்துதான் பல பிள்ளைகளுக்கு வீடு கிடைத்தது.

கூட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் கூட்டங்கள் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தன. ஒவ்வொருவரும் தங்கள் அமைப்பைப் பற்றிச் சொல்லி முடிக்கவே ஒரு மணித்தியாலம் போய்விடும். நன்னடத்தை உத்தியோகத்தர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பெற்றோரற்ற ஒரு பிள்ளையை எங்கே வைப்பது என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கவேண்டியவர் அவர். அந்த மண்டபத்தில் இருந்த எவருக்கும் இல்லாத சட்டப் பொறுப்பு அவருக்கு இருந்தது, ஆனால் அவரிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில் நான் அவருடைய கதிரையைத் தலைமை மேசைக்குக் கொண்டுவந்தேன். கூட்டம் தமிழுக்கு மாறியது. வெளிநாட்டவர்கள் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அன்று முதன்முறையாகக் கிராம சேவகர்கள் வாய் திறந்தார்கள். எந்த முகாமில் எந்த வான் வண்டி வந்து நின்றது, யார் யாரோடு பேசினார்கள் என்பதெல்லாம் அன்றுதான் வெளியே வந்தது.

அந்த வான் விஷயம் முக்கியம். தூர ஊர்களிலிருந்து சிறுவர் இல்லங்களை நடத்துகிறவர்கள் வந்து, “நல்ல பாடசாலை, மூன்று வேளைச் சாப்பாடு” என்று சொல்லிப் பிள்ளைகளைக் கேட்டார்கள். கூடாரத்துக்குள் மழையில் நனைந்துகொண்டிருக்கும் ஒரு பாட்டிக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. சுனாமியால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை அரசாங்கம் ஆரம்பத்திலேயே நிறுத்தியது, அது பெரிய உதவி. ஆனால் இல்லத்துக்குக் கொண்டுபோவது தத்தெடுப்பு அல்லவே. அதைத் தடுக்க நன்னடத்தை உத்தியோகத்தர் நேரில் போகவேண்டும். அவரிடம் இருந்ததோ ஒரு பழைய மோட்டார் சைக்கிள், மாதத்துக்குச் சில லீற்றர் பெற்றோல்.

அந்த வருடம் இலட்சக்கணக்கில் பணம் செலவான திட்டங்களைப் பார்த்தேன். என் அனுபவத்தில் பிள்ளைகளுக்கு அதிகம் பயன்பட்ட செலவு, நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்களுக்கும் பெற்றோலும், ஒரு தொலைபேசியும், எழுத்துவேலைக்கு இரண்டு இளைஞர்களும் கொடுத்ததுதான். கூட்டத்தில் ஒரு அமைப்பு அதை ஏற்றுக்கொள்ள வைப்பதற்கு நான் மூன்று வாரம் கெஞ்சினேன். நன்கொடையாளருக்குப் படம் அனுப்ப அதில் ஒன்றும் இல்லை என்பதே காரணம். இப்போது யாராவது ‘எங்கே தொடங்குவது’ என்று கேட்டால், அந்த நாட்டுச் சட்டப்படி பிள்ளைக்குப் பொறுப்பான அரச அலுவலர் யார், அவர் இன்றைக்கு ஒரு முகாமுக்குப் போய்ச்சேர என்ன தேவை என்று பாருங்கள் என்பேன்.

2010இல் ஹெயிட்டி பூமியதிர்ச்சிக்குப் பிறகு 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி எல்லை தாண்ட முயன்றவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த வான்தான் நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் பலருக்குத் தாய் தகப்பன் இருந்தார்கள். 2015இல் நேபாளம் பூமியதிர்ச்சிக்குப் பின் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தி, பெற்றோர் இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடு போட்டது. சரியான வேலை, சரியான நேரத்தில்.

அம்பாறை மாவட்டத்துக் கல்முனையில் நடந்ததை இங்கே பலரும் தவறாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். கடல் வந்த அன்று அங்குள்ள வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 81ஆவது ஆளாக ஒரு கைக்குழந்தை சேர்க்கப்பட்டது. ஒன்பது தம்பதிகள் அந்தக் குழந்தைக்காகச் சண்டை போடுவதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தில் உரிமை கோரியது ஒரே ஒரு தம்பதிதான். மரபணுப் பரிசோதனை அவர்களே பெற்றோர் என்று உறுதிப்படுத்த, 2005 பெப்ரவரியில் பிள்ளை தாயின் கைக்குப் போனது. அந்த ஏழு வாரமும் அந்தத் தாய் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. அதே சமயம், எவர் வந்து கேட்டாலும் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்காமல் நீதிமன்றம் வரை போனதும் சரியே. இரண்டும் ஒன்றாக உண்மை. செய்யக்கூடியது, சரிபார்க்கும் நாட்களில் தாய்க்குப் பக்கத்தில் ஆள் நிற்பது, கமெராக்களைத் தூர வைப்பது, ஒவ்வொரு நாளும் என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கும்படி சொல்வது. இதற்குப் பணம் தேவையில்லை.

என்னுடைய பிழை ஒன்றையும் எழுதியாகவேண்டும். பட்டியல்களை ஒன்றாக்கிவிட்டோம் என்ற சந்தோஷத்தில், கூட்டத்துக்கு வரும் எல்லோருக்கும் அதை மின்னஞ்சலில் அனுப்பினேன். பெயர், வயது, முகாம், யாரோடு இருக்கிறது, எல்லாம். சில வாரங்களில், நான் கண்டிராத ஓர் அமைப்பின் நிதி சேகரிப்புத் துண்டில் அந்தப் பட்டியலிலிருந்த ஒரு பிள்ளையின் முழுக் கதையும் படத்தோடு இருந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறு. யுத்தநிறுத்தம் என்ற பெயர் இருந்தாலும் ஆயுதக் குழுக்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் எந்த முகாமில், எந்தக் கூடாரத்தில், தாய் தகப்பன் இல்லாமல் இருக்கிறார்கள் என்பதை நானே எழுதி அனுப்பியிருந்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. அனுப்பியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

அடுத்த நாளே முறையை மாற்றினோம். பெயருள்ள கோப்பு நன்னடத்தை அலுவலகத்தில் பூட்டுப் போட்ட அலுமாரிக்குள். பிள்ளைக்கு ஒரு குறியீட்டு எண். கூட்டத்துக்கு வருவது எண்ணிக்கை மட்டும். அதுவும் மிகச் சிறிய முகாம் என்றால் பிரதேச செயலகப் பிரிவாகச் சேர்த்துத்தான், மூன்று பிள்ளைகள் என்று எழுதினாலே ஊருக்கு யாரென்று தெரிந்துவிடும். ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசவேண்டியிருந்தால் சம்பந்தப்பட்ட இரண்டு மூன்று பேர் தனியாகக் கூடிப் பேசுவது. 2012இல் வெளியாகி 2019இல் திருத்தப்பட்ட, சிறுவர் பாதுகாப்புக்கான சர்வதேசக் குறைந்தபட்ச நியமங்களில் இதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியொரு நூல் அன்று இல்லை. ஆனால் ‘தெரியவேண்டியவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்’ என்பதை எந்தத் தாயைக் கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லியிருப்பார்.

விளையாட்டு இடங்கள், வரைதல், உளவள ஆலோசனை பற்றிச் சுருக்கமாக. கல்முனை வீதியோரத்து முகாம்களில் இரண்டு மூன்று கூடாரங்கள் போட்டியாக நின்றன. வீதியிலிருந்து உள்ளே போகவேண்டிய முகாம்களில் ஒன்றும் இல்லை. கச்சேரிச் சுவரில் கிராம சேவகர் பிரிவு வரைபடத்தை ஒட்டி, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று நிற ஊசி குத்தத் தொடங்கியதும் அந்த வெறுமை எல்லோர் கண்ணுக்கும் பட்டது. ஊசி இல்லாத இடத்தைக் காட்டி “இங்கே யார்?” என்று கேட்பதே அந்த வாரக் கூட்டத்தின் முதல் விடயமாயிற்று. வந்தவர்களெல்லாம் பிள்ளைகளிடம் அலையை வரையச் சொன்னார்கள். ஒரு ஆசிரியை என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார், “மிஸ், இந்தக் கிழமை மட்டும் நாலு தரம் கீறிட்டாங்க. இனி வேணாம் எண்டு சொல்லுங்க.” சொன்னோம். பாடசாலை திறந்ததும், புத்தகமும் சப்பாத்தும் கிடைத்ததும், பின்னேரம் கிரிக்கெட் விளையாட இடம் இருந்ததும்தான் பிள்ளைகளுக்கு நித்திரையைத் திரும்பக் கொடுத்தன. அதற்குப் பிறகும் பேசாத, சாப்பிடாத பிள்ளைகளைத்தான் வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டியிருந்தது. அவர்கள் மிகச் சிலர்.

இன்னொன்று, எங்கள் கூட்டத்துக்கு வெளியே இருந்தது. பெண்பிள்ளைகள் பின்னேரம் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். மலசலகூடம் முகாமின் கடைசியில், வெளிச்சம் இல்லை, உள்ளே தாழ்ப்பாள் இல்லை. இரவில் போகப் பயம். இது சிறுவர் பாதுகாப்புக் கூட்டத்தில் எத்தனை தரம் பேசினாலும் தீராது. தண்ணீர், சுகாதாரக் கூட்டத்துக்கு நான் போய் உட்காரத் தொடங்கிய பிறகுதான் தாழ்ப்பாளும் மின்குமிழும் வந்தன. அன்றிலிருந்து வாரத்தில் ஒரு நாள் மற்றவர்களின் கூட்டத்துக்கென்றே ஒதுக்கினேன்.

கடதாசி வேலை நீண்டது. கடலோடு பிறப்புச் சான்றிதழ்களும் போயின. உடல் கிடைக்காத பெற்றோருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க 2005இல் தனிச்சட்டம் வரவேண்டியிருந்தது. அதே வருடம் நிறைவேறிய சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம், பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்ப்புப் பராமரிப்பில் வைப்பதற்கு ஒழுங்குமுறை தந்தது. நடமாடும் சேவை நாட்களில் பதிவாளரும் நன்னடத்தை உத்தியோகத்தரும் ஒரே மரநிழலில் இரண்டு மேசை போட்டு உட்கார்ந்தால், ஒரு அம்மம்மா மூன்று பேருந்து ஏறி அலைவது மிச்சம். முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகங்கள் முதல் நாட்களிலேயே தங்கள் பதிவுகளை எடுத்து வைத்திருந்தன. எங்களுடையதைவிட அவை சுத்தமானவை. முதலிலேயே போய்க் கேட்காதது எங்கள் தவறு.

2006இல் யுத்தம் திரும்ப மூண்டது. 2007 மார்ச்சில் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து சனம் வாவியைக் கடந்து கடற்கரைப் பக்கமான எழுவான்கரைக்கு வந்தது. மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்திருந்தார்கள். சுனாமிக்கு வந்த அமைப்புகளில் பல அப்போது போய்விட்டன. ஆனால் அலுமாரி இருந்தது, படிவம் ஒன்றாகவே இருந்தது, நன்னடத்தை உத்தியோகத்தரின் கையில் தொலைபேசி இருந்தது. சனம் வந்திறங்கும் இடங்களில், குழந்தைகளின் சட்டைக்குள் தாயின் பெயரும் ஊரும் எழுதிய துண்டைக் குத்திவிட எங்கள் பெடியன்கள் நின்றார்கள்.

ஒரு நாள் ஐந்து வயது மதிக்கத்தக்க பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். தாயின் பெயர் கேட்டால் “அம்மா”. ஊர் கேட்டால் “வீடு”. படிவத்தில் நிரப்ப ஒன்றும் இல்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் படிவத்தை மூடி வைத்துவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். அப்பா என்ன வேலைக்குப் போவார்? மாடு எத்தனை? கறிக்கு என்ன மீன் வாங்குவீங்கள்? சடங்குக்கு எங்க போவீங்கள்?

“அம்மம்மா வீட்ட. குளிர்த்திக்கு அம்மன் வரும்.”

வைகாசியில் குளிர்த்திச் சடங்கு நடக்கும் கண்ணகி அம்மன் கோயில்கள் இந்தப் பக்கம் பல. ஆனால் வாவியைத் தோணியில் கடந்து போவோம் என்றும், கோயிலுக்குப் பக்கத்தில் பெரிய குளம் என்றும் பையன் சொன்னபோது அவருக்கு இரண்டு ஊர் மட்டும் மிஞ்சியது. அந்த இரண்டு ஊர்க் கிராம சேவகர்களுக்கும் அழைத்தார். அடுத்த நாள் மத்தியானம் ஒரு வயோதிபப் பெண், இரண்டு பேருந்து மாறி, அலுவலக வாசலில் வந்து நின்றார்.

பையன் அடுத்த அறையில் இருந்தான். அவர் அழுதுகொண்டு கதவைப் பார்த்தார். உத்தியோகத்தர் கதிரையைக் காட்டி, தண்ணீர் கொடுத்து, “அம்மா, கொஞ்சம் பொறுங்க. பொடியன்ர உடம்பில ஏதாவது அடையாளம் இருக்கா, சொல்லுங்க” என்றார்.

“இடது கால்ல சூட்டுத் தழும்பு. சோத்துப் பானை சரிஞ்சது. நான்தான் வைத்தியரிட்டத் தூக்கிக்கொண்டு போன.”

நான் அடுத்த அறைக்குப் போய்ப் பையனின் காற்சட்டையை முழங்கால் வரை உயர்த்திப் பார்த்தேன். பிறகு கதவைத் திறந்தேன்.